ஒரு டிரம் பழரசம், நாலு சிவப்பு வாளி

செல்லையா செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே விட்டார். கைபேசியை அணைத்துச் செருப்பின் மேல் வைத்தார். உடம்பில் மின்சாரம் ஏதும் தங்கியிருந்தால் இறங்கிவிடட்டும் என்று ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொட்டார். பிறகு கறுப்பு ரப்பர் விரிப்பின் மேல் ஏறி நின்று, அன்னாசிச் சாறு நிறைந்த குடத்தை, தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல் அலுங்காமல் தூக்கினார்.

அவருக்குப் பின்னால் வரிசையாக நாலு சிவப்பு வாளிகள். இரண்டில் தண்ணீர், இரண்டில் மணல். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வாசலில் இருக்கிற அதே வாளிகள். வேனில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“அண்ணே, இது பழரசம்” என்றேன்.

“கலவைன்னா கலவைதான் அண்ணாச்சி” என்றார்.

வெம்பக்கோட்டை அணைக்குப் பக்கத்தில் மகேந்திரன் கட்டியிருந்த பண்ணை வீடு அது. சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். வெளியே கரிசல் காடு விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. வெயில் தகரக் கூரையில் உட்கார்ந்து டிக் டிக்கென்று விரல் தட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அன்னாசி, ஆரஞ்சு, மாதுளை, இஞ்சி, எலுமிச்சை எல்லாம் ஒன்றாக மணக்க, எனக்கு மட்டும் வாயில் ஈரம் ஊறியது. செல்லையாவுக்கு ஊறவில்லை. அவர் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் வடக்கேயிருந்து வந்த நாற்பது டீலர்களுக்கு விருந்து. விருந்தின் உயிர்நாடி, அழைப்பிதழில் நானே எழுதிக் கொடுத்தபடி, ‘இயற்கைப் பழரசம்’. இயற்கையோடு எவ்வளவு வெள்ளை ரம் சேர்ப்பது என்பதுதான் மீதிக் கதை.

வறண்ட ஊரில் கற்ற வித்தை

மகேந்திரன் என்னோடு படித்தவன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு ஆலை வைத்திருக்கிறான். நான் அச்சாபீசில் வாசகம் எழுதுகிறவன். பட்டாசுப் பெட்டிக்குப் பெயர், காலண்டருக்குப் பொன்மொழி, ஆலைச் சுவருக்குப் பாதுகாப்பு வாசகம். நடுவில் கவிதையும் எழுதுவேன். அதற்குப் பெட்டி கிடையாது.

மகேந்திரனின் ஆலையில், கலவை அறைக்கு எதிர்ச் சுவரில், இன்றைக்கும் என் வரி இருக்கிறது: ‘அளவோடு கலந்தால் ஆயுசு நூறு. அவசரமாய்க் கலந்தால் அடுத்தது யாரு?’ அதற்கு ஒரு ஜோடி வேட்டி கிடைத்தது. எதுகைக்கு ஒன்று, மோனைக்கு ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

இளமையில் இரண்டு வருடம் அகமதாபாத்தில் ஒரு பட்டாசுக் கடையில் குமாஸ்தாவாக இருந்தேன். மதுவிலக்கு உள்ள ஊர். அங்கேதான் ஒரு கல்யாணத்தில், பெரிய கண்ணாடித் தொட்டியில், தர்பூசணித் துண்டுகள் மிதக்க, சிவப்பாக ஒரு சர்பத் கொடுத்தார்கள். இரண்டாவது தம்ளருக்குப் பிறகு மாப்பிள்ளையின் தாய்மாமன் என் தோளில் சாய்ந்து அழுதார். என்ன துக்கம் என்று நான் கேட்கவில்லை. மூன்றாவது தம்ளரில் நானும் அழுதேன்.

இந்தக் கதையை எங்கே சொன்னாலும் எடுபடும். ஆகவே எல்லா இடத்திலும் சொல்லிவந்தேன். ஒவ்வொரு தடவையும் தொட்டி பெரிதாகும், அழுகிறவர் எண்ணிக்கை கூடும். கடைசியில் அந்தச் சர்பத்தைக் கலக்கியதே நான்தான் என்று ஆகிவிட்டிருந்தது. பெருமை பேசுகிறவனின் வாய்க்கு யார் இடிதாங்கி வைப்பார்கள்?

“ஏலே கவிஞா, அந்தச் சர்பத்த நம்ம டீலர் பார்ட்டிக்குப் போடுதோம். குடிச்சா குதிரை உதைச்ச மாதிரி இருக்கணும், ஆனா பாத்தா பழமாத் தெரியணும்” என்றான் மகேந்திரன்.

பாட்டில் நுழையாத வீடு

பழமாகத் தெரியவேண்டியதற்குக் காரணம் உண்டு. பண்ணை வீடு அவன் அம்மா பெயரில் இருந்தது. அந்த வீட்டுக்குள் பாட்டில் நுழையக்கூடாது என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். மகேந்திரன் தாய் சொல்லைத் தட்டாதவன். பாட்டில் நுழையவில்லை. ரம்மை இருபது லிட்டர் தண்ணீர் கேன்களில் ஊற்றிக் கொண்டுவந்தான்.

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளின் ஒழுக்கம் இப்படித்தான். பாத்திரத்தை மாற்றினால் பாவம் வழி தெரியாமல் திரும்பிப் போய்விடும்.

ஆனால் கலக்குவதற்கு செல்லையாவை ஏன் பிடித்தான்? அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை வெறும் பானச் செய்முறை ஆகிவிடும்.

செல்லையா அந்த ஆலையில் இருபத்தைந்து வருடமாக மருந்துக் கலவை போர்மேன். ஐம்பது தாண்டிய மனிதர். குடிக்கமாட்டார், புகைக்கமாட்டார், சிரிப்பதையும் அளந்துதான் செய்வார். அவர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்கவேண்டும். இடி இடித்தால் கலந்ததைத் தண்ணீர் விட்டு நனைத்துவிட்டு எல்லோரும் வெளியே. ஓடக்கூடாது, நடக்கவேண்டும். சுவரில் இருந்தது என் வாசகம் என்றால், தரையில் நடந்தது அவர்.

விருந்துக்குப் பத்து நாள் முன்னால் மகேந்திரன் அவரிடம், இந்த வருடம் ஆர்டர் இரண்டு மடங்கு வரும்போல் இருக்கிறது, நாலு பேர் அறையில் பத்துப் பேரை உட்காரவைத்து இரண்டு மடங்கு கலக்குங்கள் என்றான். செல்லையா மாட்டேன் என்றார். வாதமில்லை, சத்தமில்லை. அறைச் சாவியை மேசைமேல் வைத்தார்.

“அளவு அளவுன்னு உசிரை விடுதீகளே, ஞாயித்துக்கெழமை நம்ம தோட்டத்துக்கு வாங்க. ஜூஸ் கலக்கணும். உங்க அளவை அங்கன காட்டுங்க” என்று சொல்லிச் சாவியைத் தன் மேசை டிராயரில் போட்டுக்கொண்டான் மகேந்திரன்.

ஆபீசே சிரித்தது. உண்மையைச் சொன்னால் நானும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீலர்கள் மகேந்திரன் நினைத்தபடி ஆர்டர் கொடுத்துவிட்டால் திங்கட்கிழமை கலவை அறை வேறொருவர் கைக்குப் போகும், பத்துப் பேர் உள்ளே உட்காருவார்கள், செல்லையா கேட்டில் வாட்ச்மேனாக உட்காருவார். இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காக்கிச் சட்டைக்கு அளவுகூட எடுத்தாகிவிட்டது. அவர் அளவை அவர்களும் எடுத்துவிட்டார்கள்.

எது எரியும்?

“இதுல எது எரியும் அண்ணாச்சி?”

செல்லையா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். ரம் என்றேன். “அப்ப அது தனி ரூம்” என்று கேன்களைத் தூக்கிக்கொண்டுபோய் பம்புசெட் அறையில் வைத்துப் பூட்டினார். சர்க்கரைப் பாகுக்கு இன்னொரு மூலை. சோடாவுக்கு நிழல்.

என் செய்முறையில் ‘ஒரு கை’, ‘கொஞ்சம்’, ‘திட்டமாக’ என்ற சொற்கள் இருந்தன. அவற்றைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நோய்க்களை வந்தது. ஒரு கை என்றால் யார் கை? லிட்டர் கணக்கையும் அவர் நம்பவில்லை. எல்லாவற்றையும் எடை போட்டார். மாதுளைச் சாறு இத்தனை கிராம், இஞ்சிச் சாறு இத்தனை கிராம். கொட்டை தங்காமல் மெல்லிய துணியில் மூன்று தடவை வடித்தார். இரும்புக் கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டு மரத்துடுப்பை எடுத்தார். ஐந்து லிட்டர் கலப்பது, மூடுவது, அதை வெளியே அனுப்புவது, பிறகு அடுத்த ஐந்து லிட்டர்.

அறைக்குள் நாலு பேர்தான். ஐந்தாவதாக எட்டிப்பார்த்த மகேந்திரனையே வெளியே நிற்கச் சொன்னார். முதலாளி நின்றான். பழரசத்துக்காக நின்றான். ஆலையில் ஒரு நாளும் அப்படி நிற்காதவன்.

ருசி மட்டும் அவர் பார்க்கவில்லை. கலக்குகிறவன் ருசி பார்த்தால் கணக்குக் கெட்டுப்போகும் என்றார். அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. ஒவ்வொரு ஐந்து லிட்டருக்கும் ஒரு தம்ளர். கடமையில் நான் தவறவில்லை. முதல் தம்ளரில் பழம் பேசியது. மூன்றாவதில் ரம் குறுக்கே பேசியது. ஐந்தாவதில் அணைத் தண்ணீர் மேல் பறந்த கொக்குகள் எல்லாம் எனக்குத் தெரிந்தவர்கள்போல் இருந்தார்கள். ஏழாவதில் செல்லையாவின் தோளில் சாய்ந்து, உங்களைப் பற்றி ஒரு கவிதை எழுதப்போகிறேன் என்றேன்.

“எழுதுங்க. மொதல்ல ரப்பர் விரிப்பை விட்டுக் கீழ எறங்குங்க” என்றார்.

அற்புதமான பானம். இன்றுவரை அதைப்போல் ஒன்றைக் குடித்ததில்லை. எந்தப் பழமும் எந்தப் பழத்தையும் மிதிக்கவில்லை. நாக்கில் வைத்தால் சமாதானம், வயிற்றுக்குள் போனதும் சரவெடி.

விருந்துக் கூடத்தில் மகேந்திரன் பெரிய எஃகு டிரம் வைத்து, அதற்கு மாவிலை கட்டி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தான். செல்லையா அளந்து அனுப்பிய ஐந்து லிட்டர்களை எல்லாம் அவன் அந்த ஒரே டிரம்மில் கொட்டி, மேலே தர்பூசணித் துண்டுகளை மிதக்கவிடச் சொன்னான். செல்லையா அதைப் பார்த்தார். நாலு வாளிகளையும் தூக்கிவந்து டிரம் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

கோடை இடி

டீலர்கள் வந்தார்கள். டிரோன் கேமரா ஒன்று கொசுபோல் தலைக்கு மேல் சுற்றியது. பரிமாறுவதற்கு ஆலையிலிருந்து எட்டுப் பேரை வேனில் கூட்டிவந்திருந்தார்கள், ஆணும் பெண்ணுமாக. ஞாயிறு லீவைத் தியாகம் செய்து தட்டில் தம்ளர் ஏந்தினார்கள்.

நாற்பது பேரில் முக்கியமானவர் இந்தூர்க்காரர். தடித்த கண்ணாடி, வெள்ளைச் சட்டை, அதிகம் பேசாதவர். அவர் எவ்வளவு சொல்கிறாரோ அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஆர்டர் சொல்வார்கள். மகேந்திரன் அவர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டான். இந்தி தெரிந்தவன் என்பதால் நடுவில் நான். முதல் சுற்று முடிந்து முகங்கள் சிவந்து, பழத்தின் பெருமையைப் பலர் பாராட்டினார்கள். என்ன பழம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் நாகரிகம்.

மகேந்திரன் ஆர்டர் புத்தகத்தைத் திறந்தான்.

அப்போது அணைக்கு மேற்கே வானம் கறுத்தது. காற்று ஈர மண் வாசனையை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வந்தது. ஒரு மின்னல் கூடத்தையே வெள்ளையடித்தது. அடுத்த நொடி தலைக்கு மேல் இடி.

எட்டுப் பேரும் தட்டுகளை இருந்த இடத்திலேயே தரையில் வைத்தார்கள். திரும்பினார்கள். நடந்தார்கள். ஒருவரும் ஓடவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் போய் கேட் பக்கத்துக் கார் கொட்டகையில் நின்றுகொண்டார்கள்.

செல்லையா முதல் தண்ணீர் வாளியைத் தூக்கி டிரம்முக்குள் கவிழ்த்தார். இரண்டாவதையும் கவிழ்த்தார். அவர் முகத்தில் கோபமோ பயமோ இல்லை. இருபத்தைந்து வருடமாகக் கை கற்ற வேலையைக் கை செய்தது.

ஏழு தம்ளர் உள்ளே போயிருந்த எனக்கு ஏதோ பெரிய ஆபத்து என்று மட்டும் புரிந்தது. நானும் உதவ நினைத்தேன். மூன்றாவது வாளியைத் தூக்கிக் கொட்டினேன்.

அது மணல்.

மாவிலை கட்டிய டிரம்முக்குள் ஒரு நீண்ட ‘சர்ர்’ சத்தம். தர்பூசணித் துண்டு ஒன்று மேலே வந்து, திரும்பி, மூழ்கியது. இலக்கியத்தில் என் பங்களிப்பு என்ன என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம்.

எங்கள் பக்கத்து வழக்கம்

கூடத்தில் தம்ளர்கள் பாதி வழியில் நின்றன. மகேந்திரனின் கழுத்து நரம்பு மட்டும் பேசியது. செல்லையாவோ அதற்குள் சுயநினைவுக்கு வந்து, காலி வாளியைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார், “கை தன்னால போயிருச்சு மொதலாளி” என்றார்.

இந்தூர்க்காரர் என் பக்கம் திரும்பி, இந்த ஆள் என்ன செய்தார் என்று கேட்டார்.

உண்மையைச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். மகேந்திரன் என்னைப் பார்த்தான். என் அச்சாபீஸ் வேலையில் பாதி அவன் கொடுப்பது. நான் இந்தியில், மிக அழகாக, கோடையின் முதல் இடிக்கு மண்ணும் நீரும் படைப்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம் என்று சொன்னேன். விருந்தின் சிறந்த பானத்தையே படைக்கவேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டேன். டீலர்கள் இரண்டு மூன்று பேர் டிரம்மைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒருவர் அதைப் படம் எடுத்தார்.

எங்கள் ஊரில் வழக்கங்கள் இப்படியும் பிறக்கும்.

மகேந்திரனுக்கு மூச்சு வந்தது. கேன்களில் ரம் மிச்சம் இருந்தது, பழச்சாறும் இருந்தது. சிரித்த முகத்தோடு, பல்லைக் கடித்தபடி, அதை அப்படியே அண்டாவில் கொட்டி ஒரே தடவையில் கலக்கச் சொன்னான்.

“இடி நிக்கட்டும் மொதலாளி. நின்னு அரை மணி நேரம் போகட்டும்.”

“யோவ், இது ஜூஸ்யா.”

“தெரியும்.”

“கலக்கப் போறீரா, நாளைக்குக் காக்கிச் சட்டை போடப் போறீரா?”

செல்லையா காலி வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். மழை அதற்குள் இறங்கிவிட்டது.

“கம்பெனியில என் அறைக்குள்ள பத்துப் பேரை வைக்கணும்னீக. இன்னைக்கு இங்கன நாலு பேருன்னு நான் சொன்னதும், நீங்களே வெளிய நின்னீக. ஜூஸுக்கு நின்ன மாதிரி அங்கனயும் நின்னா என்ன? காக்கிச் சட்டையக் குடுங்க, போட்டுக்கிடுதேன். ஆனா ஒரே தடவையில கலக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு அவரும் நடந்து கார் கொட்டகைக்குப் போனார். எட்டுப் பேர் ஒதுங்கி அவருக்கு இடம் விட்டார்கள்.

இந்தூர்க்காரர் என் முழங்கையைத் தொட்டார். அவர்கள் என்ன பேசினார்கள், இந்தத் தடவை நடந்ததைச் சொல் என்றார் மெதுவாக. அவரிடம், வழக்கம் பற்றிய என் கதை ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சொன்னேன். ரம் கொடுத்த தைரியம் என்று மகேந்திரன் பின்னால் சொன்னான். இருக்கலாம். எனக்கு வேறு தைரியம் வந்ததாக ஞாபகம் இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் குடோனில் ஒரு தடவை தீப்பிடித்தது என்று மட்டும் சொன்னார். யார் இருந்தார்கள், எத்தனை பேர் என்று சொல்லவில்லை. ஆர்டர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துத் தனக்கு எத்தனை பெட்டி என்று எழுதிவிட்டு, அதன் கீழே ஒரு வரி எழுதி, மகேந்திரனுக்குச் சொல் என்று என்னிடம் காட்டினார்.

என் சரக்கை அந்த ஆள்தான் கலக்கவேண்டும்.

இரண்டு அறை

முதலாளிகளின் மூளையை நாம் குறைத்து மதிப்பிடக்கூடாது. நல்லது நடந்தால் அதற்கும் ஒரு பெட்டி செய்துவிடுவார்கள்.

செல்லையாவுக்குச் சாவி திரும்பக் கிடைத்தது. அவர் அறையில் நாலு பேர், இந்தூர்ச் சரக்கு மட்டும். அதற்குத் தனி லேபிள், ‘முதல் இடி’ என்று பெயர் வைத்துக் கொடுத்தது நான். அடுத்த அறையில் புதுப் போர்மேன், பத்துப் பேர், மற்ற ஊர்ச் சரக்கெல்லாம். ஒரே ஆலை, ஒரே வெயில், நடுவில் ஒரு சுவர். பாதுகாப்பும் ஒரு ரகம் ஆகிவிட்டது, கம்பி மத்தாப்பில் சிவப்பு, பச்சை மாதிரி. சுவருக்கு இன்னொரு வாசகம் வேண்டும் என்றும் மகேந்திரன் கேட்டான். யோசிக்கிறேன் என்றேன். இன்னும் யோசிக்கிறேன்.

புரட்டாசி. தீபாவளிக்கு முந்தைய உச்ச சீசன். ‘முதல் இடி’ லேபிளின் அச்சு மாதிரியைக் காட்ட ஆலைக்குப் போயிருந்தேன். பிற்பகல், கலவை அறைகளுக்கு முன்னால் என் வாசகத்தைப் பார்த்தபடி நின்றேன். ‘ஆயுசு நூறு’ என்பதில் ‘நூறு’ உரிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து வானம் உறுமியது.

செல்லையாவின் அறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம். நாலு பேர் வெளியே வந்து, வெறுங்காலோடு, சாப்பாட்டுக் கொட்டகையை நோக்கி நடந்தார்கள்.

அடுத்த அறையில் உள்ளே குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன. புதுப் போர்மேன் ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் மகேந்திரன் நின்றான், வெளியே வரவேண்டாம் என்று கையை ஆட்டினான்.

மறுபடி இடித்தது, இந்தத் தடவை பக்கத்தில்.

ஒரு பெண் எழுந்தாள். பண்ணை வீட்டில் தட்டு ஏந்திய எட்டுப் பேரில் ஒருத்தி. முழங்கை வரை வெள்ளிநிற மருந்துப் பொடி. பக்கத்தில் இருந்த தண்ணீர் வாளியை எடுத்து முன்னால் இருந்த மருந்தின் மேல் கவிழ்த்துவிட்டு, புதுப் போர்மேனைத் தாண்டி நடந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. பிறகு ஒருவர், பிறகு இருவர். எண்ணினேன். பத்து. புதுப் போர்மேன் ஜன்னலை ஒரு தடவை, வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, பதினோராவதாக நடந்தார்.

மழை தொடங்கியது. ஜன்னலில் மகேந்திரன் கையை ஆட்டுவதை நிறுத்தியிருந்தான். கொட்டகையில் யாரோ சிரித்தார்கள், யாரோ தூக்குவாளியைத் திறந்தார்கள். இரண்டு அறைகளும் காலியாக, ஈரமாக, என் எதிரே திறந்து கிடந்தன. நான் லேபிளைப் பிடித்தபடி சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன்.

கொட்டகையிலிருந்து செல்லையாவின் குரல் வந்தது.

“அண்ணாச்சி, அங்கன நின்னு என்ன வேடிக்கை பாக்கீக? இங்கிட்டு வாங்க. ஓடாதீக, நடந்து வாங்க.”

நடந்தேன்.

“வார வழியில எந்த வாளியையும் தூக்கிறாதீக.”